விந்துநாளம் இல்லாத ஆணும் அவர் மனைவியின் இரத்தப் பரிசோதனையும்: வடசென்னையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரே வகையான சிக்கலோடு வந்த குடும்பங்களின் விவரங்களை இணைத்து, எவரையும் அடையாளம் காண முடியாதபடி இந்த நிகழ்வு எழுதப்பட்டுள்ளது.

வரலாறு

காசிமேட்டில் விசைப்படகு இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்யும் 31 வயது ஆண் ஒருவர், திருமணமாகி நான்காண்டுகள் கடந்தும் குழந்தை இல்லை என்பதற்காக, தம் 26 வயது மனைவியுடன் பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள எங்கள் ஆண் நலப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். மனைவி அவருக்குத் தாய்மாமன் மகள். இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். உறவு விட்டுப்போகக் கூடாது என்று பெரியவர்கள் பேசி முடித்த திருமணம்.

அவர்கள் கொண்டுவந்த கோப்பில் முக்கால் பங்கு மனைவியின் பரிசோதனைகளாகவே இருந்தன. ஹார்மோன் பரிசோதனைகள், மாதந்தோறும் எடுத்த ஸ்கேன்கள், ட்யூப் டெஸ்ட், அதன்பின் வயிற்றில் துளையிட்டுச் செய்த லேப்ராஸ்கோப்பி என எல்லாம் முடிந்து, எதிலும் குறை இல்லை என்று எழுதப்பட்ட பிறகே கணவரின் விந்துப் பரிசோதனை முதன்முறையாகச் செய்யப்பட்டிருந்தது. மயக்க மருந்தும் தழும்பும் தேவைப்படாத, மிகக் குறைந்த செலவில் ஒரே நாளில் முடிகிற பரிசோதனை அது. முதலில் செய்திருக்க வேண்டியதும் அதுதான். இந்த வரிசை மாறாட்டத்தை வடசென்னையில் மட்டுமல்ல, எங்கும் காண்கிறோம். அதன் சுமை முழுவதும் பெண்ணின் உடல்மேல் விழுகிறது என்பதைக் கோப்பைப் புரட்டும்போதெல்லாம் வருத்தத்தோடு உணர்கிறோம்.

அந்த முதல் அறிக்கையில் 'விந்தணுக்கள் காணப்படவில்லை' என்ற ஒரு வரி மட்டுமே அடிக்கோடிடப்பட்டிருந்தது. அதை வைத்து வேறோர் இடத்தில் அவருக்குச் சில மாதங்கள் சத்து மாத்திரைகள் தரப்பட்டிருந்தன. பின்னர் விந்தகத்திலிருந்து சதைத்துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருந்தது. அதே அறிக்கையின் மேல்வரிகளில் திரவத்தின் அளவும் அமிலத்தன்மையும் அச்சிடப்பட்டிருந்தன. நோயை அடையாளம் காட்டக்கூடிய அந்த இரண்டு எண்களையும் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

தாம்பத்திய உறவில் சிக்கல் ஏதும் இல்லை. அம்மைக்கட்டு, விந்தகத்தில் அடிபட்டது, குடலிறக்க அறுவை, பால்வினை நோய் ஆகிய எதுவும் வரலாற்றில் இல்லை. புகைப்பழக்கம் உண்டு. சிறுவயது முதல் மூக்கடைப்பு இருந்துவந்தது. 19 வயதில் மூக்கினுள் வளர்ந்த சதையை அகற்றியிருக்கிறார்கள். ஆண்டில் பலமுறை சளியுடன் கூடிய இருமல் வரும். காசநோயோ என்று இருமுறை சளிப் பரிசோதனை செய்ததில் கிருமி இல்லை என்றே முடிவு வந்தது. மணலி, எண்ணூர் ஆலைப் புகையும் துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் தூசியும் சூழ்ந்த இந்தப் பகுதியில், நாள்பட்ட இருமலுக்குக் காரணம் தேடி யாரும் தொலைவு போவதில்லை. காற்றின்மேல் பழி போடுவது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் அந்தப் பழக்கமே, அரிதாக வரும் வேறொரு காரணத்தைப் பல ஆண்டுகள் மறைத்துவைக்கவும் செய்கிறது.

உடன் வந்திருந்த தாயார், நாங்கள் கேட்காமலேயே ஒரு செய்தியைச் சொன்னார்: "சின்னப் புள்ளையில முத்தம் கொடுத்தா உப்புக் கரிக்கும் டாக்டர். சட்டை காய்ஞ்சா வெள்ளையா பூத்துடும். கடக்காத்துன்னு நெனச்சிக்கிட்டோம்." இந்தக் கூற்றை அப்படியே நோயாளிக் குறிப்பில் எழுதிக்கொண்டோம்.

கைப்பரிசோதனை

உயரம், எடை, மீசை தாடி வளர்ச்சி, உடல் ரோமப் பரவல் ஆகிய அனைத்தும் வயதுக்கு ஏற்றவை. இரு விந்தகங்களும் விதைப்பையில் இருந்தன. ஒவ்வொன்றும் 18 மில்லிலிட்டர் அளவுடன் உறுதியாக இருந்தன. அவற்றின் மேல்முனையில், விந்தணுக்கள் தங்கி முதிரும் சுருள்குழாயான எபிடிடைமிஸின் தலைப்பகுதி சற்றுப் பருத்துத் தட்டுப்பட்டது. உடலும் வாலும் தட்டுப்படவில்லை. விந்துநாளம் இருபுறமும் இல்லை.

இந்தக் கடைசி வரியைக் கைவிரல்களால் மட்டுமே எழுத முடியும். விந்தணுக்களை வெளியே கொண்டுசெல்லும் குழாயான விந்துநாளம் சாதாரணமாக விதைப்பையின் தோலுக்கடியில், மற்ற நாளங்களிலிருந்து பிரித்து உருட்டக்கூடிய, கெட்டியான கயிறுபோல விரலுக்குத் தட்டுப்படும். ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையைச் செய்யும் மருத்துவர் முதலில் தேடிப் பிடிப்பது அதைத்தான். இளஞ்சூடான அறையில், நோயாளியை நிற்கவைத்தும் படுக்கவைத்தும், இரு பக்கமும் பொறுமையாகத் தடவிப் பார்த்தால் அது இருக்கிறதா இல்லையா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஸ்கேன் அதை உறுதிப்படுத்த உதவலாமே தவிர, நோயறிதல் கையில்தான் இருக்கிறது. இவரை அதுவரை பார்த்தவர்களில் எவரும் விதைப்பையைத் தொட்டுப் பார்க்கவில்லை என்று அவரே சொன்னார்.

பரிசோதனை முடிவுகள்

விந்துப் பரிசோதனை சில வார இடைவெளியில் மறுபடியும் செய்யப்பட்டது. திரவம் 0.6 மில்லிலிட்டர் மட்டுமே இருந்தது. 2021இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆறாம் பதிப்புக் கையேடு குறிப்பிடும் கீழ் எல்லை 1.4 மில்லிலிட்டர். பிஎச் அளவு 6.4, அதாவது அமிலத்தன்மை. ஃப்ரக்டோஸ் சர்க்கரை இல்லை. மையவிலக்கியில் சுழற்றி அடியில் படிந்ததைத் தேடியும் ஒரு விந்தணுவும் இல்லை. விந்து வெளியேறிய பின் எடுத்த சிறுநீரிலும் விந்தணு இல்லாததால், திரவம் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போகிறது என்ற சாத்தியம் விலக்கப்பட்டது.

இந்த முடிவுகளை ஒன்றாகப் படித்தால் காரணம் எங்கே இருக்கிறது என்பது புலப்படும். வெளிவரும் விந்துத் திரவத்தில் பெரும்பங்கு விந்துப்பைகளிலிருந்து வருகிறது. அது காரத்தன்மை உள்ளது, ஃப்ரக்டோஸும் அதில்தான் இருக்கிறது. புராஸ்டேட் சுரப்பியின் பங்கு சிறியது, அமிலத்தன்மை உள்ளது. ஆகவே குறைந்த அளவில், அமிலமாக, சர்க்கரை இல்லாமல் வரும் திரவம் என்பது புராஸ்டேட் நீர் மட்டுமே வெளியே வருகிறது என்று பொருள்படும். விந்து வெளியேறும் குழாயில் ஏற்படும் அடைப்பும் இதே படத்தைத் தரக்கூடும். ஆனால் அங்கே விந்துநாளம் விரலுக்குத் தட்டுப்படும், விந்துப்பைகள் ஸ்கேனில் வீங்கித் தெரியும். இவருக்கு மலக்குடல் வழியாகச் செய்த ஸ்கேனில் வலது விந்துப்பை இல்லை. இடது விந்துப்பை வளர்ச்சி குன்றிய சிறு திசுவாக மட்டும் தெரிந்தது. வயிற்று ஸ்கேனில் இரு சிறுநீரகங்களும் இயல்பாக இருந்தன.

இரத்தத்தில் விந்தகத்தைத் தூண்டும் எஃப்எஸ்எச் ஹார்மோன் 4.2 அலகுகள், டெஸ்டோஸ்டிரோன் 480 நானோகிராம், இரண்டும் இயல்பு. விந்தகத்தின் அளவும் இந்த ஹார்மோன்களும் இயல்பாக இருக்கும்போது, உள்ளே விந்தணு உற்பத்தி நடந்துகொண்டிருக்கிறது என்று நம்பலாம். நோயை உறுதிசெய்வதற்காக மட்டும் விந்தகச் சதைத்துண்டு எடுக்கத் தேவையே இல்லை. முன்பு பரிந்துரைக்கப்பட்ட அந்தச் சோதனையை வேண்டாம் என்று நிறுத்தினோம்.

கருவில் நடப்பது

பிறவியிலேயே இருபக்க விந்துநாளமும் இல்லாத இந்த நிலைக்கும், உடலின் குழாய்களில் சுரப்பு கெட்டியாகி அடைக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபுநோய்க்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ளக் கருவளர்ச்சியைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஏறத்தாழ ஆறாவது வாரத்தில் எல்லாக் கருவிலும் இரண்டு சோடிக் குழாய்கள் இருக்கும்: ஆண் உறுப்புகளுக்கு மூலமான வுல்ஃபியன் நாளங்கள், பெண் உறுப்புகளுக்கு மூலமான முல்லேரியன் நாளங்கள். ஆண் கருவில் விந்தகம் உருவானதும் அதன் ஒருவகைச் செல்கள் முல்லேரியன் நாளத்தை மறையச் செய்யும் ஹார்மோனைச் சுரக்கின்றன. மற்றொரு வகைச் செல்கள் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் வுல்ஃபியன் நாளத்தைக் காத்து வளர்க்கிறது. விந்தகத்தை ஒட்டிய பகுதி சுருண்டு எபிடிடைமிஸாகவும், நடுப்பகுதி தசைச்சுவர் பெற்று விந்துநாளமாகவும், கீழ்முனையில் அரும்பும் பகுதி விந்துப்பையாகவும் ஆகின்றன. எபிடிடைமிஸின் தலையில் விந்தகத்திலிருந்து வெளியேறும் நுண்குழாய்கள் வேறு மூலத்திலிருந்து வருபவை. அதனால்தான் மற்றவை அழிந்த ஆண்களிலும் தலைப்பகுதி பெரும்பாலும் மிஞ்சியிருக்கிறது.

இந்நோய்க்குக் காரணமான சிஎஃப்டிஆர் மரபணு ஏழாவது குரோமோசோமின் நீண்ட கையில் இருக்கிறது, 1989இல் கண்டறியப்பட்டது. அது உருவாக்கும் 1,480 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம், குழாய்களின் உட்சுவர்ச் செல்களில் குளோரைடையும் பைகார்பனேட்டையும் வெளியேற்றும் வாயிலாக நிற்கிறது. உப்பு வெளியேறினால் அதன்பின் நீரும் வெளியேறி உட்சுரப்பு நீர்த்திருக்கும். பைகார்பனேட் சேர்ந்தால் சளிப்புரதம் விரிந்து இளகியிருக்கும். இந்த வாயில் செயலிழந்தால் சுரப்பு கெட்டியாகி, நுரையீரலின் மூச்சுக்குழல்கள், கணையக் குழாய்கள், பித்தக்குழாய்கள், குடல் ஆகிய எல்லா இடங்களிலும் அடைப்பு உண்டாகிறது. 1938இல் மருத்துவர் டோரதி ஆண்டர்சன் இந்நோயைத் தனியாகப் பிரித்து விவரித்தது கணையத்தில் ஏற்பட்ட மாற்றங்களை வைத்துத்தான். ஆண்களின் இனப்பெருக்கப் பாதையைப் பற்றிய தெளிவு 1960களின் இறுதியில்தான் வந்தது. நோயோடு பிறந்த குழந்தைகள் வளர்ந்து வாலிபம் அடையும் அளவுக்குச் சிகிச்சை முன்னேறும் வரை இந்தக் கேள்வியே எழ வழியிருக்கவில்லை.

இந்நோயுள்ள ஆண்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு விந்துநாளம் இல்லை, அல்லது பயனற்ற நாராக எஞ்சியிருக்கிறது. அது தொடக்கத்திலேயே உருவாகாமல் போகிறதா, உருவான பின் அழிகிறதா என்பது முக்கியமான கேள்வி. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இருந்த சில கருக்களை ஆராய்ந்தபோது, கர்ப்பத்தின் நடுக்காலத்தில் விந்துநாளம் திறந்த குழாயாகவே இருந்தது காணப்பட்டது. ஆகவே குழாய் முறையாக உருவாகி, பின்னர் உட்சுரப்பு கெட்டியாகி அடைத்து, அடைபட்ட பகுதி சுருங்கி மறைகிறது என்ற விளக்கமே பலராலும் ஏற்கப்படுகிறது. தூர்ந்துபோன வாய்க்கால் நாளடைவில் கரையும் தெரியாமல் மேடாகிவிடுவதைப் போன்றது இது.

சிறுநீரகத்தை ஏன் பார்த்தோம் என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. சிறுநீர்க்குழாயின் அரும்பு, ஐந்தாம் வார அளவிலேயே வுல்ஃபியன் நாளத்திலிருந்து கிளைக்கிறது. அந்தத் தொடக்க நாட்களிலேயே நாளம் பழுதுபட்டால் அதே பக்கச் சிறுநீரகமும் இல்லாமல் போகும். விந்துநாளம் இல்லாதவர்களில் ஒரு சிறுநீரகம் மட்டுமே உள்ளவர்களிடம் சிஎஃப்டிஆர் மாற்றம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அவர்களுடைய காரணம் வேறு. எக்ஸ் குரோமோசோமில் உள்ள மற்றொரு மரபணுவும் சிலரிடம் காரணமாவது 2016இல் தெரியவந்தது. இவருக்கு இரு சிறுநீரகங்களும் இருப்பதால், பழுது பின்னர் வந்தது, சிஎஃப்டிஆர் மரபணுவை முழுமையாகப் பார்ப்பதே சரி என்ற முடிவுக்கு வந்தோம்.

நுரையீரலும் கணையமும் ஓரளவு தாக்குப்பிடிக்க, விந்துநாளம் மட்டும் அழிந்துபோவது எப்படி? ஒவ்வொரு உறுப்பும் இயங்கத் தேவையான சிஎஃப்டிஆர் புரதத்தின் அளவு வேறு. எல்லாவற்றிலும் அதிகமாகத் தேவைப்படுவது விந்துநாளத்துக்கே. ஆகவே தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வரும் இந்த மரபணுவின் இரு பிரதிகளில், ஒரு பிரதியில் கடுமையான மாற்றமும் மறு பிரதியில் மிதமான மாற்றமும் உள்ள ஒருவர், குழந்தைப் பருவத்தில் நோயாளியாகத் தெரியாமலே வளர்ந்து, திருமணமாகிக் குழந்தை இல்லை என்று வரும்போதுதான் முதன்முறையாக அடையாளம் காணப்படுகிறார். அத்தகைய மிதமான மாற்றங்களில் பரவலாக அறியப்பட்டது 5டி எனப்படுவது. மரபணுவின் ஒரு பகுதியில் தைமின் எழுத்து தொடர்ந்து ஏழு அல்லது ஒன்பது முறை வருவதற்குப் பதில் ஐந்து முறை மட்டும் வந்தால், செய்தி படியெடுக்கப்படும்போது ஒரு துண்டு அடிக்கடி விடுபட்டுப்போகும். விடுபட்ட படியிலிருந்து வேலை செய்யும் புரதம் கிடைக்காது. அதை ஒட்டி வரும் டிஜி எழுத்துச் சோடி 12 அல்லது 13 முறை வந்தால் பாதிப்பு இன்னும் கூடும். விந்துநாளத் திசுவில் இந்த விடுபடல் மற்ற இடங்களைவிட மிகுதி. 1995இல் இந்த 5டி மாற்றத்துக்கும் விந்துநாளம் இல்லாத நிலைக்கும் உள்ள உறவு விரிவாக நிறுவப்பட்டது.

வியர்வையும் மரபணுவும்

வியர்வைப் பரிசோதனையில் குளோரைடு லிட்டருக்கு 48 மில்லிமோலாக இருந்தது. 60க்கு மேல் என்றால் நோய் உறுதி, 30க்குக் கீழ் என்றால் சாத்தியம் குறைவு, இடைப்பட்டது ஐயத்துக்குரியது. தாயார் சொன்ன உப்பு வெறும் கடற்காற்று அல்ல என்பதற்கு இது சான்றாயிற்று. நுரையீரல் ஊதுசோதனை சற்றே குறைவாக இருந்தது. நெஞ்சுப் பகுதி சிடி ஸ்கேனில் மூச்சுக்குழல்கள் விரிவடைந்திருக்கவில்லை. கணையச் செயல்பாடு இயல்பு.

மரபணுப் பரிசோதனைக்கு எழுதும்போது ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தோம். சந்தையில் கிடைக்கும் பல தொகுப்புகள் ஐரோப்பியர்களிடம் மிகுதியாகக் காணப்படும் சில மாற்றங்களை மட்டுமே தேடுகின்றன. டெல்டா எஃப்508 என்ற கடுமையான மாற்றம் அங்கே நோய் தரும் பிரதிகளில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கலாம். இந்திய நோயாளிகளிடம் அதன் பங்கு குறைவு, மற்ற மாற்றங்கள் பலவகைப்பட்டவை. இதுவரை அறியப்பட்ட மாற்றங்களே 2,000க்கும் மேல். மேலும் 5டி நிலையைச் சில ஆய்வகங்கள் தனியாகக் கேட்டாலொழிய அறிக்கையில் எழுதுவதில்லை. ஆகவே மரபணு முழுவதையும் வரிசைப்படுத்துதல், பெரிய துண்டு இழப்புகளைத் தேடுதல், 5டி மற்றும் டிஜி எண்ணிக்கையைக் குறிப்பிடுதல் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டோம். சிறு தொகுப்பில் 'எதுவும் இல்லை' என்று வரும் முடிவு நம் மக்களுக்குப் பொய்யான நிம்மதியையே தரும்.

முடிவு: ஒரு பிரதியில் டெல்டா எஃப்508, மறு பிரதியில் 5டி, டிஜி12. தந்தை உயிருடன் இல்லை. தாயாரின் இரத்தத்தில் டெல்டா எஃப்508 இருந்தது, 5டி இல்லை. எனவே 5டி தந்தைவழி வந்தது என்றும் இரண்டும் வெவ்வேறு பிரதிகளில் உள்ளன என்றும் உறுதியாயிற்று. வியர்வை அளவையும் மூக்குச் சதையையும் சேர்த்துப் பார்த்து, முழுமையான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று முத்திரை குத்தாமல், சிஎஃப்டிஆர் சார்ந்த கோளாறு என்று பதிவுசெய்தோம். புகையை விடுதல், ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனை, சளி வந்தால் கிருமி வளர்ப்புச் சோதனை ஆகியவை அறிவுறுத்தப்பட்டன. குழந்தைக்காக வந்தவர் தம் மூச்சுக்கும் ஒரு மருத்துவரைப் பெற்றார்.

ஊசிக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

இந்த நிகழ்வை எழுதக் காரணமே இப்பகுதிதான்.

விந்துநாளம் இல்லாத ஆணுக்கு இன்று குழந்தை பெறும் வழி இருக்கிறது. எபிடிடைமிஸின் தலையிலிருந்து மெல்லிய ஊசியால் விந்தணுக்களை உறிஞ்சி எடுத்து, ஆய்வகத்தில் ஒரு முட்டைக்குள் ஒரு விந்தணுவைச் செலுத்தும் இக்சி முறையில் கரு உருவாக்கலாம். 1992இல் இம்முறையில் பிறந்த குழந்தைகள் பற்றிய செய்தி வெளிவந்த பின், இவ்வகை ஆண்களின் நிலை அடியோடு மாறியது. சிகிச்சை இவ்வளவு நேர்த்தியாக இருப்பதாலேயே ஓர் ஆபத்தும் உண்டாகிறது: அடைப்பு என்று தெரிந்ததும் நேராக ஊசிக்குப் போய்விடுகிறார்கள், அடைப்பு ஏன் வந்தது என்று கேட்பதில்லை. எந்த மரபணு மாற்றம் விந்தணுவின் வழியை அடைத்ததோ, அதே மாற்றத்தை அந்த விந்தணுவே சுமந்துகொண்டிருக்கிறது. வழியை நாம் திறந்துவிடும்போது, அதன் மறுமுனையில் மனைவியிடம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிய பொறுப்பும் நம்முடையதாகிறது.

நம் குடும்பங்களில் இந்தப் பொறுப்பு இன்னும் கனமானது. தாயாருக்கு டெல்டா எஃப்508 இருக்கிறது. அவருடைய பெற்றோரில் ஒருவரிடமிருந்து அது வந்திருக்க வேண்டும். ஆகவே அவருடைய உடன்பிறந்த அண்ணனுக்கு அதே மாற்றம் இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அண்ணன் மகளுக்கு நான்கில் ஒன்று. அந்த மகள்தான் நம் நோயாளியின் மனைவி. ஐரோப்பிய மக்களிடையேகூட இந்நோயின் கடத்திகள், அதாவது ஒரு பிரதியில் மட்டும் மாற்றத்தைச் சுமப்பவர்கள், ஏறத்தாழ 25 பேருக்கு ஒருவர்தான். இங்கே உறவுமுறை ஒன்றே நான்கில் ஒன்று என்ற வாய்ப்பைத் தந்துவிடுகிறது. மனைவியைப் பரிசோதிக்கும் முன்பே, பிறக்கும் குழந்தைக்கு முழுமையான நோய் வரும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு, முடிவு வரும்வரை ஊசி வேண்டாம் என்றோம். நான்காண்டுகள் காத்திருந்தவர்களிடம் மேலும் சில வாரங்கள் காத்திருக்கச் சொல்வது எளிதாக இல்லை. ஆனால் ஓர் இக்சி சுழற்சியின் செலவோடு ஒப்பிட்டால் இப்பரிசோதனையின் செலவு சிறியது என்பதையும் எடுத்துச் சொன்னோம்.

மனைவிக்கும் டெல்டா எஃப்508 இருந்தது.

முடிவை முதலில் அவரிடம் மட்டும், தனியாகச் சொன்னோம். நான்காண்டுகள் எல்லோரும் 'விசேஷம் உண்டா' என்று கேட்டது அவரைத்தான். குறை அவரிடம் இல்லை என்று இப்போதுதான் தெரிந்திருக்கிறது. அதற்குள் மீண்டும் பழி அவர்மேல் திரும்பிவிடக் கூடாது என்று அஞ்சினோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இது எங்க தாத்தா வீட்டுச் சொத்து, டாக்டர். அத்தைக்கும் இருக்கு, எங்கப்பாவுக்கும் இருக்கு. யாரு யாரைக் கேக்குறது?" என்றார். மாமியாரும் அவருக்கு அத்தையே என்பதால், அந்த வீட்டில் இந்தச் செய்தி சண்டையாக மாறவில்லை. எல்லா வீட்டிலும் இப்படி நடக்கும் என்று நம்பிவிட முடியாது; தனியாகச் சொல்லும் நடைமுறையை நாங்கள் மாற்றப்போவதில்லை.

இப்போது கணக்கு மாறியது. உருவாகும் கருக்களில் நான்கில் ஒன்றுக்கு இரு பிரதிகளிலும் டெல்டா எஃப்508 இருக்கும். அது முழுமையான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நான்கில் ஒன்றுக்குத் தந்தையைப் போலவே டெல்டா எஃப்508உம் 5டியும் அமையும். ஆணாக இருந்தால் விந்துநாளம் இல்லாமல் போகக்கூடும், மற்ற பாதிப்புகள் மிதமாகவோ இல்லாமலோ இருக்கலாம். எஞ்சிய பாதி, ஏதேனும் ஒரு மாற்றத்தை மட்டும் சுமக்கும், நோய் வராது.

கருவைப் பொருத்துவதற்கு முன் மரபணுச் சோதனை செய்வது, கடுமையான மரபுநோய்களைத் தவிர்க்கச் சட்டம் அனுமதிக்கும் ஒன்று; பதிவுபெற்ற மையத்தில் செய்யலாம். ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுக்க 1994ஆம் ஆண்டுச் சட்டம் முற்றிலும் தடைவிதிக்கிறது. இந்தத் தடை இங்கே உண்மையிலேயே ஒரு கேள்வியைக் கொண்டுவந்தது: தந்தையைப் போன்ற மரபணு உள்ள கரு பெண்ணாக இருந்தால் விந்துநாளம் பற்றிய கவலையே இல்லை, ஆனால் அதைப் பார்த்துப் பிரிக்க முடியாது, பிரிக்கவும் கூடாது. அப்படியானால் அவ்வகைக் கருக்கள் எல்லாவற்றையும் ஒதுக்குவதா? இதைக் கேட்டபோது அந்த மனிதர் சொன்னதை மறக்க முடியாது: "என்ன மாரி புள்ள வேணாம்னு நானே எப்படி சார் எழுதிக் குடுப்பேன்?"

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. உழைத்து, குடும்பம் நடத்தி, கடலுக்குப் போகும் படகுகளை ஓடவைக்கிற ஒருவருடைய மரபணு அமைப்பை 'தவிர்க்க வேண்டியது' என்ற பட்டியலில் சேர்க்க எங்களுக்கு உரிமை இல்லை. முழுமையான நோய் உள்ள கருக்களை மட்டும் ஒதுக்குவது, மாற்றம் ஒன்று மட்டும் உள்ளவற்றுக்கு முதலிடம் தருவது, அவை கிடைக்காவிட்டால் தந்தையின் அமைப்பு உள்ள கருக்களைப் பற்றி மறுபடி உட்கார்ந்து பேசுவது என்று தம்பதியர் முடிவெடுத்தார்கள்.

சிகிச்சை

பகுதி மயக்கத்தில், தோல்வழியே ஊசி செலுத்தி, வலது எபிடிடைமிஸின் தலையிலிருந்து திரவம் எடுக்கப்பட்டது. நன்கு அசையும் விந்தணுக்கள் முதல் முயற்சியிலேயே கிடைத்தன. அடைப்புள்ள பாதையில் விந்தகத்துக்கு மிக அருகே உள்ளவையே புதியவை. தொலைவில் தேங்கியவை வயதாகி அழிந்துகொண்டிருப்பவை. ஆகவே தலைப்பகுதியில் எடுப்பதே முறை. ஒரு பகுதி உறைநிலையில் சேமிக்கப்பட்டது. முதல் சுழற்சியில் சோதனைக்கு உகந்த நிலையை அடைந்த ஐந்து கருக்களில் ஒன்றுக்கு முழுமையான நோய்க்குரிய அமைப்பு, ஒன்றுக்குத் தந்தையின் அமைப்பு, மூன்றுக்கு ஒற்றை மாற்றம். முதலில் பொருத்திய கரு தங்கவில்லை. இரண்டாவது தங்கியது. கருச் சோதனையில் அரிதாகப் பிழை நேரலாம் என்பதால் பனிக்குட நீர்ப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொண்டோம்; ஐந்தாம் மாத ஸ்கேனில் குடலும் இயல்பாக இருந்தது.

வளரும் சிறுவர்களைப் பற்றி

இந்த நோயாளி 31 வயதில் அறிந்துகொண்டதை, சிறுவயதிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உறுதியான ஆண் பிள்ளைகள் பதின்பருவத்திலேயே அறிந்திருக்க வேண்டும். அவர்களுக்குப் பருவமாற்றம் வரும். ஊட்டக்குறைவு காரணமாகச் சற்றுத் தாமதமாக வரலாம். ஆண்மை ஹார்மோனும் உறவுத் திறனும் பொதுவாக இயல்பாகவே இருக்கும். விந்தகம் வேலை செய்யும். வெளியேறும் பாதை மட்டுமே இல்லை. இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லாவிட்டால், 'குழந்தை பிறக்காது' என்ற செய்தி 'ஆண்மை இல்லை' என்று அந்தப் பிள்ளையின் மனத்தில் பதிந்துவிடும். மறுபுறம், சிலருக்கு விந்துநாளம் இருக்கக்கூடும் என்பதால், கருத்தடை தேவையில்லை என்று தாமாக முடிவுசெய்வதும் தவறு. வயது வந்தபின் ஒரு விந்துப் பரிசோதனை இரண்டுக்கும் விடை தரும். நுரையீரலின் நிலையை வெகுவாக உயர்த்தும் புதிய மருந்துகள் வந்திருந்தாலும், கருவிலேயே மறைந்த குழாயை அவை திரும்பக் கொண்டுவருவதில்லை.

குடும்பத்தில் மற்றவர்கள்

நோயாளிக்கு ஒரு தம்பி உண்டு; மனைவிக்கு ஒரு தங்கை உண்டு. அவ்விருவருக்கும் திருமணம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது ஆலோசனையின் இறுதிக் கட்டத்தில்தான் தெரியவந்தது. வயது வந்த இருவரையும் தனித்தனியே அழைத்து விளக்கி, அவரவர் ஒப்புதலோடு இரத்தம் எடுத்தோம். தம்பிக்கு இருபுறமும் விந்துநாளம் தட்டுப்பட்டது. மரபணுவில் தாயாரிடமிருந்து வந்த டெல்டா எஃப்508 மட்டும் இருந்தது. தங்கைக்கு அந்த மாற்றம் இல்லை. மரபணு முழுவதையும் வரிசைப்படுத்தியதில் வேறு மாற்றமும் தென்படவில்லை. அவரவர் முடிவை அவரவரிடம் எழுத்தில் கொடுத்தோம். தங்கை தம் அறிக்கையைத் தாமே எடுத்துச் சென்று அத்தையிடம் காட்டியதாகப் பின்னர் சொன்னார்.